கயிற்றுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கமலநாதன் கயிற்றை இழுத்துக் கட்டினான். மரத்திலிருந்து நாற்பது மீட்டர். அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது.

மெர்சிங் சாலையோரத்தில் இருந்த அந்த வனவிலங்குப் பூங்காவில் அவன் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காவலன். மரப்பொந்துக்குள் ஓர் இருவாச்சிப் பெண்பறவை எட்டு வாரமாக அடைந்து கிடந்தது. முட்டையிடப் போகும்போது வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும். விரல் அகலப் பிளவு மட்டும் மிஞ்சும். அதன் வழியே ஆண்பறவை பழம் ஊட்டும். ஆண் வராவிட்டால் உள்ளே பட்டினி.

ஆறு ஆண்டுகளில் அங்கே பொரித்த முதல் குஞ்சு இப்போது உள்ளே இருந்தது. அதன் குரல் நான்கு நாட்களாகக் கேட்டது.

ஒன்பது மணிக்குச் சுகுமாறனும் அவன் மனைவி பிரேமலாவும் பத்து பாகாட் நகரிலிருந்து வந்தார்கள். சுகுமாறன் கழுத்தில் நீண்ட லென்ஸ் வைத்த கேமரா. காவலனின் சட்டையில் இருந்த பெயரைப் படித்தான்.

"கமலநாதனா? அட, நம்ம ஆளு! எந்த ஊரு அண்ணே?"

"லாயாங் லாயாங்."

"எங்கப்பாவும் அந்தப் பக்கம்தான் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனாரு. அண்ணே, இங்கருந்து ஒண்ணும் தெரியல. கெளை மறைக்குது. கொஞ்சம் கிட்ட போய்க்கிறோமே."

"முடியாது தம்பி. ஆண்பறவை பயந்துடும்."

"அஞ்சு நிமிசம் லா. நமக்கு நாமளே செஞ்சுக்கலேன்னா வேற யாரு செய்வா?"

பிரேமலா சிரித்தாள். "விடுங்க. யூனிஃபார்ம் போட்டுட்டா நம்மாளுங்க கண்ணுக்கு நாம தெரிய மாட்டோம்."

கமலநாதனுக்கு முகம் சுட்டது. கயிற்றை அவிழ்த்தான். மறைத்த கிளையையும் அவனே பாராங் கத்தியால் வெட்டினான்.

சுகுமாறன் அரை மணி நேரம் படமெடுத்தான். ஆண்பறவை அலகில் பழத்துடன் தூரத்து மரத்தில் வந்து உட்கார்ந்தது. பார்த்தது. திரும்பிப் போனது.

அன்று மாலைக்குள் படம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது. ஞாயிறன்று முப்பது பேர் வந்தார்கள்.

"நேத்து பத்து பாகாட்காரங்கள விட்டீங்களாமே. நாங்க மட்டும் என்ன, ஒசந்த சாதியா, தாழ்ந்த சாதியா?"

கமலநாதன் அன்றும் கயிற்றை அவிழ்த்தான். அதிகாரி சயீத் ஜொகூர் பாருவில் பயிற்சிக்குப் போயிருந்தார். திங்கள் பொது விடுமுறை; கூட்டம் இன்னும் கூடியது. பறவை எட்டிப் பார்க்கட்டும் என்று ஒருவர் மரத்தைத் தட்டினார். ஆண்பறவை இரண்டு நாளும் தூரத்திலேயே நின்று திரும்பியது. செவ்வாயன்று அது வரவே இல்லை.

புதன்கிழமை குரல் நின்றது. வியாழக்கிழமை மண்சுவர் உள்ளிருந்து உடைந்திருந்தது. பெண்பறவை போய்விட்டது. கமலநாதன் ஏணி வைத்து ஏறிப் பொந்துக்குள் கைவிட்டான். இறகு முளைக்காத குஞ்சு. ஒரு மங்குஸ்தீன் பழத்தின் கனம்கூட இல்லை.

அன்று மதியம் சயீத் வந்தார். கமலநாதன் ஒன்றையும் மறைக்கவில்லை. சயீத் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார்.

"அலமாக், என்னய்யா இப்படிப் பண்ணிட்டே! சரி, கொரங்கு கலைச்சிருச்சுன்னு எழுதிடலாம். கெளை காத்துல ஒடிஞ்சது."

"வேணாம் சார்."

"உண்மை மேல போச்சுன்னா வேலை போயிரும்யா. ஒன் ரெண்டு பிள்ளையும் படிக்குது. பன்னெண்டு வருசமா பழகுறோம், ஒனக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?"

கமலநாதன் மேசையைப் பார்த்தபடி நின்றான். துணியில் சுற்றிய குஞ்சு அதன்மேல் இருந்தது.

"நானும் இப்படித்தான் சார் செஞ்சேன். தெரிஞ்சவங்களுக்காகச் சட்டத்த வளைக்கிறது பாசம்னு நெனச்சேன். நாம காட்டுற சலுகைக்கு வேற ஒரு உயிர் செத்துப் போகுது. கேட்டவங்களுக்கும் ஒண்ணும் ஆகல, குடுத்த எனக்கும் ஒண்ணும் ஆகல. இன்னிக்கு நீங்க என்னைக் காப்பாத்துனா, அடுத்த வருசம் இன்னொருத்தன் கயித்த அவுப்பான். வேண்டியவங்கன்னு பாக்குற எடத்துல நியாயம் இருக்காது சார்."

கமலநாதன் மேசையிலிருந்த அறிக்கைப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். சாவுக்குக் காரணம் என்ற கட்டத்தில் மலாய் மொழியில் தன் முழுப் பெயரை எழுதினான்.