குறைந்த எடை யாரைச் சேரும்

மாடக்கண்ணு நாலாவது மாடி வீட்டு ஹாலில் ஏரோப்ளேன் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குடியிருப்பில் இது ஒன்றும் புதுசில்லை. எதிர்வீட்டுக்காரர் பீரோவுக்குள் கடல் வைத்திருந்தார். அலைச் சத்தத்தைப் பற்றித்தான் புகார் இருந்தது, கடலைப் பற்றி இல்லை.

சாமான்கள் பெட்டிபெட்டியாகக் கம்பெனியிலிருந்து வந்தன. பார்த்து முடுக்கினால் போதும். கூடவே வந்த தாளை அவர் படிக்கவில்லை. அச்சடிக்கிறவன் பொய்யைத்தான் அச்சடிப்பான் என்பது அவர் கட்சி. முடுக்கிப் பார்த்தார். பொருந்தியது. பொருந்தியதையும் அவர் நம்பவில்லை.

வெளியே போக வழி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அசோசியேஷன் ஆட்கள் வந்து மேல்மாடியான நாலாவது மாடியின் கூரையைக் கழற்றிக்கொண்டு போவார்கள். கழுவிக் காயவைத்துச் சாயங்காலம் திரும்ப மாட்டுவார்கள். அதற்குள் பறந்துவிட வேண்டும்.

ஏரோப்ளேனில் இரண்டு இருக்கை. ஒன்று அவருக்கு, ஒன்று அவர் மனைவி முப்பிடாதிக்கு. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தால் அது உறுமியது, நடுங்கியது, எழும்பவில்லை. ஒருத்தர் இறங்கினால் எழும்பும் போலிருந்தது. யாரும் இறங்கவில்லை.

"மேகத்தோட மேப்பக்கத்த ஒரு தடவ பாத்துரணும்" என்றாள் முப்பிடாதி.

"அங்க என்ன இருக்கு?"

"கீப்பக்கம் கறுத்துக் கெடக்கு. மேப்பக்கம் என்ன லெச்சணத்துல வெளுத்திருக்குன்னு பாக்கணும்."

அவள் கல்யாணமான நாளிலிருந்து துவைத்துக்கொண்டிருக்கிறவள். கேட்பதில் நியாயம் இருந்தது.

"அப்ப நாந்தான் ஓட்டணும். ஒனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"தெரியாதுன்னு நீங்கதான் சொல்லுதிய. ஓட்ட விட்டாத்தான தெரியும்."

அவர் ஏரோப்ளேன் சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் தூக்குகிற சாமான் வாங்க ஏரோப்ளேன் கடைக்குப் போனார்.

கடை அதே வராந்தாவின் கோடியில் இருந்தது. சாதா சாமான் கேட்டால் பத்தெட்டில் கடை வந்துவிடும். ஸ்பெஷல் கேட்கிற எண்ணம் இருந்தால் வராந்தா நீளும். அன்றைக்கு நடந்து நடந்து அவருக்குத் தாகம் எடுத்துவிட்டது.

கடைக்காரர் ஜெபமணி ஒரு பேட்டரியைத் தூக்கி மேஜையில் வைத்தார். பக்கத்தில் இன்னொன்றை வைத்தார்.

"இது சாதா. இது ஸ்பெஷல், அண்ணாச்சி."

"ஸ்பெஷல்னா என்னவே?"

"எடை பாதி."

"வெலை?"

"மூணு மடங்கு."

மாடக்கண்ணு அவரையே பார்த்தார். கறிக்கடையில் எலும்பைத் தனியாக நிறுக்கச் சொல்கிற மனுஷன் அவர். தக்காளிக்காரி கையைத் தராசுத் தட்டிலிருந்து எடுக்கும்வரை மூச்சுவிட மாட்டார்.

"எடையக் கொறைச்சிட்டு வெலைய ஏத்துதீரு. பட்டப்பகல்ல இப்படிக் கொள்ளையடிக்க ஒமக்கு யாருவே சொல்லிக்குடுத்தது?"

"ஏரோப்ளேன் யாவாரம் அப்படித்தான் அண்ணாச்சி."

"சரி, கொறைஞ்ச எடைய யாரு வச்சுக்கிடுதா? நீரா?"

ஜெபமணி யோசித்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"அது கடையிலதான் கெடக்கு."

"என் சாமான்ல கொறைச்ச எடை எனக்குத்தான் சேரணும். ஒரு குந்துமணி விட மாட்டேன்."

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் ஜெபமணி. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கடை லேசாகக் குலுங்கி ஓரங்குலம் மேலே வந்தது.

மாடக்கண்ணு வீட்டுக்கு நடந்தார். செருப்பு சிமெண்டுத் தரையில் பதிந்தது. ஏமாறாமல் வந்துவிட்டோம் என்ற திருப்தி காலில் கனத்தது.

அடுத்து ஸ்பெஷல் சக்கரம். அடுத்து ஸ்பெஷல் விசிறி. ஒவ்வொரு தடவையும் மீதி எடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி மெதுவாகப் படுத்துக்கொண்டது. பிறகு அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

கடைசியில் இறக்கை.

ஜெபமணி அதைக் கொண்டுவருமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இறக்கை கடைக்குள் விரிந்தது. விரிந்துகொண்டே போனது. கடையின் சுவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றன. மாடக்கண்ணு ஒரு ஓரத்தைக் கையில் வாங்கினார். கையில் ஒன்றும் இல்லை. பார்த்தால் இருந்தது. உள்ளே ஒரு வெளிச்சம், விடியுமுன் குளத்தில் தெரிகிற மாதிரி, அசைந்துகொண்டிருந்தது.

நகத்தால் சுண்டினார். மோந்து பார்த்தார். ஒரு மூலையைக் கடித்துப் பார்த்தார். பிசிறு இல்லை, ஒட்டு இல்லை, குறை இல்லை. குறை இல்லாத சாமானை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"யாருவே நெஞ்சது?"

"நெய்யல. வெளஞ்சது."

"எங்க?"

"கேக்கல அண்ணாச்சி. கேட்டா தர மாட்டாங்க."

மாடக்கண்ணு இறக்கையை விட்டு நகரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குச் சுய நினைவு வந்தது.

"எடை?"

"எறக்கையோட எடை ரொம்ப அண்ணாச்சி. அது இங்கயே கெடக்கட்டும்."

"நல்லாருக்கே கதை! கொண்டாரும்."

வெள்ளிக்கிழமை. கூரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஹாலில் வானம் இருந்தது. ஏரோப்ளேன் தரையைத் தொடாமல் நின்றது. முப்பிடாதி அதைத் துணிக்கொடிக் கயிற்றால் கேஸ் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அவள் ஏறி உட்கார்ந்தாள். அது அசையக்கூட இல்லை. மாடக்கண்ணு ஒரு காலை எடுத்து வைத்தார். ஏரோப்ளேன் முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தது.

காலை எடுத்தார். எழும்பியது. வைத்தார். உட்கார்ந்தது.

"ஏங்க, நீங்க இப்ப எவ்வளவு இருப்பிய?"

"முந்தி இதுல இருந்த எடை பூரா எங்கிட்டதான் இருக்கு."

"அத எதுக்கு வாங்கிட்டு வந்திய?"

"விட்டா அவன் அமுக்கிருவான்."

"சேச்சே. போய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"போய்ப் பாத்துட்டேன். ஏளா, கடை இல்ல. எடை போனதும் கடையே பறந்துட்டு. வராந்தா நுனியில ஆகாசந்தான் கெடக்கு."

கீழே படிக்கட்டில் சத்தம் கேட்டது. கூரை அதற்குள் காய்ந்துவிட்டதாம். "கூரை வருது, கூரை வருது!" என்று ஆட்கள் கத்திக்கொண்டு ஏறினார்கள்.

"நான் எறங்குதேன்" என்றாள் முப்பிடாதி. "சாதா சாமானையே மாட்டிக்கிடுவோம். ரெண்டு பேரும் இங்கயே உக்காந்திருப்போம்."

மாடக்கண்ணு இறக்கையைப் பார்த்தார். வெளிச்சம் அதற்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். இதுவரை அவர் அதை யாரிடமும் கொடுத்ததில்லை. வீட்டுச் சாவியைக்கூட நம்பிக் கொடுக்காமல், அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனவர்தான்.

"இந்தா."

"எனக்குத் தெரியாதுன்னிய?"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்."

முப்பிடாதி சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

சத்தமே இல்லை. அது மேலே போனது, அவ்வளவுதான். அவர் அண்ணாந்து பார்த்தார். அதே சமயம் தரை அவரை விட்டுவிட்டது.

மூணாவது மாடியில் டீச்சர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாமா, உக்காருங்க" என்றாள் டீச்சர்.

"உக்காந்தா ஒங்க வீடு தாங்காதும்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டாவது மாடிக்குப் போனார். அங்கே ஒருவர், "தூசியப் பாத்து வாரும்வே" என்றார். முதல் மாடியில் ஆள் இல்லை. கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் முழங்கால்வரை மண்ணில் இறங்கி நின்றார்.

தலைக்கு மேலே ஓட்டைக்கு மேல் ஓட்டையாக, கிணற்றுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி, வானம் தெரிந்தது. ஓட்டைகளின் விளிம்பில் ஆட்கள் சோற்றுக் கையோடு நின்று மேலே பார்த்தார்கள். இறக்கையின் வெளிச்சம் மாடிமாடியாக இறங்கி வந்தது. டீச்சர் வீட்டுச் சாம்பார் பாத்திரம் ஒளிர்ந்தது. பிறகு அவர் உள்ளங்கை ஒளிர்ந்தது. கையை மூட அவருக்கு மனசு வரவில்லை.

ஏரோப்ளேன் மேகத்துக்குள் நுழைந்தது. வெளிச்சம் மட்டும் நின்றது.

"ஏளா! என்ன தெரியுது?"

மேலே நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கடைசியில் அவள் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, தணிந்து வந்தது.

"பேச வரலங்க."

"அப்ப பேசாத. நல்லாப் பாரு!"

மண் அவர் இடுப்புவரை வந்துவிட்டது. அவர் கீழே பார்க்கவில்லை.