லென் பிடித்த மீனின் எடை

எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் பலகை 'பிளவ்' மதுக்கடையின் பின்னறையில் தொங்குகிறது. செவெர்ன் ஆற்றில் எங்கள் எல்லைக்குள் பிடிபட்ட மீன்களில் ஒவ்வொரு இனத்திலும் பெரியது எது, பிடித்தவர் யார் என்று அதில் தங்க எழுத்தில் இருக்கும். பார்பெல் என்ற வரிக்கு எதிரே ஹெச். யார்னால்ட், பதினான்கு பவுண்டு இரண்டு அவுன்ஸ். ஹரால்ட் யார்னால்ட் என் அப்பா. அவர் அந்த மீனைப் பிடித்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதன் பிறகு எத்தனையோ பேர் முயன்றும் அந்தப் பெயரை இறக்க முடியவில்லை. நான் சங்கத் தலைவராக இருந்த காலத்தில் பலகையை நானே துடைப்பேன். வேறு யாரும் தொடுவதை நான் விரும்பியதில்லை.

என் தம்பி லெனுக்கு அந்த வரியில் தன் பெயர் வர வேண்டும். சாவதற்கு முன்னால் அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

லெனைப் பற்றி ஊருக்கே தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பத்தொன்பது வயதில், சங்கப் போட்டியில், தான் பிடித்த மீனின் வயிற்றுக்குள் ஈயக்குண்டுகளைத் திணித்து எடைக்கு வைத்தான். மேசையில் மீனின் வாயிலிருந்து ஒரு குண்டு வழுக்கி விழுந்ததை முதலில் பார்த்தவன் நான். அன்றைக்கு நடுவர் அப்பா. அவரிடம் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும். அப்பா எல்லோர் முன்னிலையிலும் அவன் பெயரை வாசித்து, சங்கத்திலிருந்து நீக்குவதாக அறிவித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். லென் அந்த வாரமே கவன்ட்ரிக்குப் போய் கார் தொழிற்சாலையின் வார்ப்புப் பட்டறையில் சேர்ந்தான். அப்பா உயிரோடு இருந்தவரை ஊர்ப்பக்கம் வரவில்லை. திரும்பி வந்தபோது மனைவி இல்லை; ஒரு மகளும் ஓயாத இருமலும் இருந்தன. சங்கம் அவனை மறுபடி சேர்த்துக்கொண்டது. நான் அதை எதிர்க்கவில்லை.

ஆனால் பெயர் போகவில்லை. 'ஈயம்' என்றால் அவன்தான். அவன் பியர் வாங்கினால், "பாத்துக் குடி லென், கனமா இருக்கப்போவுது," என்று யாராவது சொல்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. யார்னால்ட்கள் தங்களைப் பார்த்து ஊர் சிரிக்க இடம் கொடுக்கிறவர்கள் அல்ல.

போன அக்டோபரில் வேல்ஸ் மலைகளில் விடாமல் மழை. இரண்டு நாள் கழித்து அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்தது. தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று. ஆறு கலங்கி, ஏறி, கரை மேய்ச்சல் நிலத்தின் வேலியைத் தொட்டது. இப்படிப்பட்ட தண்ணீரில் மற்ற மீன்களெல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். பார்பெல் மட்டும் தன் நாலு மீசையால் அடித்தரையைத் துழாவிக்கொண்டு கரையோரமாக இரை தேடி வரும். காலையில் தொலைபேசி அடித்தது.

"பிரபுவே, எந்திரிச்சாச்சா?" என்னை அப்படிக் கிண்டலாகக் கூப்பிடுகிறவன் லென்தான். மூச்சு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கமாக வந்தது. "ஆத்தைப் பாத்தியா? பால் ஊத்துன டீ மாதிரி ஓடுது."

"பார்த்தேன். உன் உடம்புக்கு இந்த ஈரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லலயா?"

"டாக்டர் கிறிஸ்மஸுக்கு எனக்கு வாழ்த்து அட்டை வாங்க வேணாம்னு சொல்லிட்டாரு. ஈரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல." கொஞ்ச நேரம் இருமினான். "ஒன் அப்பா பேரை எறக்கணும்டா வில்ஃப். சாட்சிக்கு ஆள் வேணும்."

"நம்ம அப்பா."

"ஒன் அப்பான்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம்."

பலகையில் ஏறுகிற மீனுக்கு வேறொரு உறுப்பினர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. லென் எடை போட்ட மீனுக்கு எங்கள் சங்கத்தில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போட்டால் மட்டும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். யார்னால்ட் சொன்னால் சொன்னதுதான் என்ற பேரை அப்பா சம்பாதித்து வைத்திருந்தார். அதைத்தான் அவன் கேட்டான்.

போனேன்.

பிளம் தோட்டத்துக்குக் கீழே, வளைவில் சாய்ந்து நிற்கும் வில்லோ மரத்தடியில் உட்கார்ந்தோம். அதுதான் அப்பா மீன் பிடித்த இடம். முழு மரக்கிளைகள், வைக்கோல் கட்டு, யாருடைய தோட்டத்திலிருந்தோ பிடுங்கிவந்த கதவு எல்லாம் நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தன. மரத்துக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தயங்கிச் சுழன்றது. லென் டப்பா இறைச்சியைக் கட்டைவிரல் பருமனுக்கு வெட்டித் தூண்டில் முள்ளில் கோத்து, கனமான ஈயக்குண்டோடு அந்தச் சுழலின் ஓரத்தில் போட்டான்.

"குண்டை எங்க போடுறேன்னு பாத்துக்க," என்றான். "இந்தத் தடவை மீனுக்கு வெளியிலதான் இருக்கு."

நான் சிரிக்கவில்லை. அவன் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். பேச எங்களுக்கு அதிகம் இல்லை. அவன் மூச்சு ஒவ்வொன்றும் கதவைத் தள்ளித் திறப்பதுபோல் சிரமத்தோடு வந்தது. தூண்டில் நரம்பில் தழை சிக்கும்போதெல்லாம் எழுந்து, சுருட்டி, பிடுங்கிப்போட்டு, மறுபடி வீசினான். நான் வீசுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். வேறொருவர் கோலைத் தொட்டால் மீன் அவனுடையது ஆகாது.

மதியம் தாண்டி மறுபடி மழை பிடித்தது. நான் கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தபோது தூண்டில் கோல் அப்படியே வளைந்து தண்ணீரைத் தொட்டது. லென் அதைப் பற்றிக்கொண்டு எழுந்தான். பார்பெல் துள்ளாது, அடியோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும். வெள்ளத்தின் எடையும் அதனோடு சேர்ந்துவிட்டால் ஆரோக்கியமானவனுக்கே தோள் கழன்றுவிடும். அவன் உதடு நீலமாகிவிட்டது. கோலின் அடியை வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றான். மீன் மரத்தின் வேர்ப்பக்கம் போனது. அவன் விடவில்லை. நான் நீளக்காம்பு வலையை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அந்த வயதில் செய்யத் தகாத காரியம்தான்.

மீன் வலைக்குள் வந்து சாய்ந்தது. வெண்கல நிறம், விரித்த கை போல சிவந்த துடுப்புகள். என் வாழ்நாளில் நான் கண்ணால் பார்த்த பார்பெல்களில் அதுவே பெரியது. அப்பாவின் மீனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அப்போது நான் சிறுவன், கண் அளவை நம்ப முடியாது.

நான் தண்ணீரில் நின்று வலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். லென் எடைப்பையை ஆற்றில் முக்கி எடுத்து, மீனை அதற்குள் வைத்து, சுருள்வில் தராசில் மாட்டி, இரண்டு கையாலும் தூக்கினான். கை நடுங்கியது. நான் கரையேறிப் போய் அவன் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டேன். தராசு முள் நின்றது.

"வாசி," என்றான். "நீதான் வாசிக்கணும்."

"பதினாலு பவுண்டு பதினோரு அவுன்ஸ்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"ஒம்பது அவுன்ஸ் கூட," என்றான். "ஒம்பது."

வெள்ளத்தில் களைத்த மீனைச் சும்மா விட்டால் புரண்டு செத்துப்போகும். தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். லெனால் குனிந்து மூச்சுவிட முடியவில்லை. நான் பிடித்தேன். அவன் என் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டு, அதன் முதுகில் இரண்டு விரலை மட்டும் வைத்திருந்தான். வெகுநேரம் அப்படி இருந்தோம். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. ஒரு கட்டத்தில் அது உடம்பை ஒரு முறை முறுக்கிக்கொண்டு பழுப்புத் தண்ணீருக்குள் போயிற்று.

"போயிட்டான் கிழவன்," என்றான் லென். "வீட்டுக்குப் போயிட்டான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தராசை அவன் வில்லோ கிளையில் மாட்டியிருந்தான். வெறும் பை அதில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. முள் பூஜ்யத்தில் இல்லை.

பையை நனைத்து, வெறும் பையைத் தராசில் மாட்டி, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டு, அதன் பிறகுதான் மீனை வைக்க வேண்டும். இல்லையென்றால் ஈரத்துணி குடித்த தண்ணீரும் மீனின் எடையோடு சேர்ந்துவிடும். எங்கள் ஆற்றில் மீன் எடை போடுகிற யாருக்கும் தெரிந்தது இது. லென் பையை நனைத்தான். முள்ளைத் திருகவில்லை.

நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"என்ன?"

"முள்ளை எப்ப சரி பண்ணுன?"

"காலைல. வீட்லயே. இங்க கை நடுங்கும்னு..." அவன் நிறுத்திக்கொண்டான். காய்ந்த பையில் சரிசெய்திருக்கிறான். அவன் எழுந்து வந்து தராசின் முன்னால் நின்றான். முள் பத்து அவுன்ஸில் இருந்தது. பை சொட்டச் சொட்ட ஒன்பதுக்கு வந்தது. அப்புறம் எட்டு. மேலே மழையும் பெய்துகொண்டிருந்தது. மீன் உள்ளே இருந்த நேரத்தில் அந்தப் பை எவ்வளவு கனத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய மீன் ஆற்றோடு போய்விட்டது.

"எட்டுன்னா நான் ஜெயிச்சேன்," என்றான்.

"பத்துன்னா இல்ல."

"ஆமா." அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். மழை அவன் தொப்பியிலிருந்து மடியில் விழுந்தது. "நீ முள்ளைப் பாக்கலன்னு வெச்சுக்க, வில்ஃப். மீன் போனதும் நான் பையைக் கழட்டி உதறியிருந்தா நீ பாத்திருக்கவே மாட்ட."

"பார்த்துட்டேன்."

"தெரியும்." தொப்பியை எடுத்து உதறிவிட்டு, "சங்கத்துல என்ன சொல்லப்போற?" என்று கேட்டான்.

"நடந்ததைச் சொல்வேன்."

"மாறவே இல்லடா நீ," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த செவ்வாய் மாலை சங்கம் கூடியது. லென் வர வேண்டாம் என்று நான் சொல்லியும் வந்தான். டை கட்டி, முகம் மழித்து வந்திருந்தான். நான் எழுந்து நின்று நடந்தது முழுவதையும் சொன்னேன். மீனைக் கண்ணால் பார்த்தேன், மிகப் பெரிய மீன், பையை நனைத்த பின் முள்ளைச் சரிசெய்யவில்லை, அது கைத்தவறு, ஏமாற்று அல்ல, அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துத்தான் சொன்னேன். அப்பா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "லென் தராசு எப்பவுமே தாராளந்தாம்ப்பா."

அறை சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு அல்ல. இரவு உணவுக்கு முன்னால் ஆண்கள் சிரிக்கிற சிரிப்பு. "இந்தத் தடவ ஈயத்தை வுட்டுட்டுத் தண்ணிக்கு மாறிட்டான்," என்றார் இன்னொருவர். நான் அமைதி என்று மேசையைத் தட்டினேன். லென் என்னைப் பார்க்கவில்லை. அவனும் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அவன் மகள் லொரெய்ன் வந்து அவனைத் தாங்கி வெளியே கூட்டிப்போனாள்.

அவன் கிறிஸ்மஸ் வரை இருக்கவில்லை. நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். ஆற்றைப் பற்றிப் பேசினோம். மீனைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அடக்கம் முடிந்து 'பிளவ்' பின்னறையில் தேநீரும் பன்றி இறைச்சி ரொட்டியும் கொடுத்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது லொரெய்ன். கிண்டல் செய்தவர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசன், நல்லாச் சிரிப்பான்," என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

கூட்டம் குறைந்த பிறகு லொரெய்ன் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள், தகப்பனின் தாடை அப்படியே.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கணும். சங்கத்துக்காக இல்ல. பலகைக்காகவும் இல்ல."

"கேள்."

"கடைசி வாரம் நான் அவர்ட்ட கேட்டேன். அந்த மீன் நெசமாவே தாத்தாவோடத விடப் பெருசாப்பான்னு. அவர் சொல்லல. 'வில்ஃப் பாத்தான், என் கையைப் புடிச்சிட்டு நின்னான், அவன்கிட்டக் கேளு, அவன் சொன்னா நீ நம்பலாம்'னு சொன்னாரு." அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "பெருசா பெரியப்பா?"

ஒரு சொல் போதும். கேட்பதற்கு அந்த மேசையில் வேறு யாரும் இல்லை. அவளும் அதை வெளியில் கொண்டுபோகிறவள் அல்ல. ஆனால் நான் சொன்னால் நம்பலாம் என்று சொல்லி அனுப்பியவன் லென். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவனின் மகளிடம் எதைச் சொல்வது?

முள் பத்தில் இருந்தது, பிறகு ஒன்பது, பிறகு எட்டு. மழை பெய்துகொண்டிருந்தது.

"தெரியலம்மா," என்றேன்.

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். பெரிய மீன் என்றாவது சொல்லியிருக்கலாம், அது உண்மை. அது அந்த நேரத்தில் எனக்கு வாயில் வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள், எழுந்தாள், காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். என் கோப்பையில் பாதி தேநீர் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.