வளைவாசலுக்கு இரண்டு கோட் நீலம்

"கண்ணை எங்க வெச்சிருந்தீங்க பெயிண்டரே? பழைய கல்லுக்குப் போய் எனாமலா அடிப்பாங்க?"

தையற்காரி கத்தியது எங்கள் மொட்டைமாடிவரை கேட்டது. நான் அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சரி, காய்ந்த துணியைத்தான் மறுபடி காயப்போட்டேன்.

"நாளைக்கு ஆபீசரம்மா வர்றாங்களே, பளிச்சுனு இருக்கட்டுமேன்னு..."

"பளிச்சுனு இருந்தா அது பழைய வாசலா? ஐஸ்கிரீம் கடை!"

"என் தம்பி ஆசையா அடிச்சிருக்கான், நீ என்னடி மிரட்டுற?" என்று பெயிண்டரின் அக்கா நடுவில் புகுந்தார். தம்பியைத் திட்டும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

தெருமுனைக் கல் வளைவாசலை இடித்தால் பஸ் திரும்ப வசதி என்று நகராட்சி நாள் பார்த்துக்கொண்டிருந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்துவிட்டால், சட்டப்படி யாரும் ஒரு கல்லைத் தொட முடியாது. வாசலை ஒட்டிய காவல் அறையில்தான் தையற்காரியின் அப்பா காலத்திலிருந்து தையல்கடை. அப்படி அறிவிக்கச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவள் அவள். தெருவே சேர்ந்து செடி பிடுங்கியது, போஸ்டர் கிழித்தது. நான் மேற்பார்வை. பெயிண்டருக்குத் தெரிந்த அன்பு ஒன்றுதான்: இரண்டு கோட்.

மறுநாள் தொல்லியல் துறை ஆபீசரம்மா நீலத்தைத் தொட்டார், விரல் ஒட்டிக்கொண்டது. "உள்ள ஈரம் தங்கினா கல்லு உதிர்ந்துடுமே! சுரண்டவும் கூடாது. எங்க ஆள் சொல்றபடி பஞ்சால ஒத்தி ஒத்தி எடுக்கணும்."

"நான் எடுக்கறேங்க" என்றார் பெயிண்டர், தரையைப் பார்த்து.

"அப்போ அறிவிச்சிடுவீங்கதானே?" என்றாள் தையற்காரி.

"அறிவிக்கலாம். ஆனா அதுக்கப்புறம் உள்ள கடை கூடாதும்மா. ஒயர், ஆணி, இஸ்திரிப்பெட்டி எதுவும் ஆகாது. ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க, விசாரிப்போம். நாளாகும்."

நாளானால் நகராட்சி முந்திக்கொள்ளும். தெருவே தையற்காரியைத் திரும்பிப் பார்த்தது, நான்கூட.

அவள் வளைவை அண்ணாந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "கடையை எங்கயும் போட்டுக்கலாம். இதை இடிச்சா யாரு கட்டுவா? அறிவிச்சிடுங்கம்மா." உடனே திரும்பி, "என்ன பெயிண்டரே வேடிக்கை? மெஷினைத் தூக்குங்க!"

மெஷின் போய் இறங்கியது பெயிண்டர் வீட்டு முன்னறையில். டப்பாக்களையெல்லாம் அக்காவே முனகிக்கொண்டு ஒதுக்கிவைத்தார். பெயிண்டர் பகலெல்லாம் பஞ்சும் கையுமாக வாசலோடு கிடந்தார். சாப்பாட்டுத் தூக்கு முன்னறையிலிருந்து போவதை நான் முதல் நாளே கவனித்துவிட்டேன். மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆனது, மந்தபுத்திகள்.

கல் பழைய நிறத்துக்கு வந்ததும் இருவருக்கும் கல்யாணம். மெஷின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அக்கா வெளியூரில் இருக்கும் மகனோடு போய்விட்டார். அங்கே தையற்காரர்களுக்குப் பஞ்சமா என்ன? ஆனாலும் துணியெல்லாம் தம்பி பெண்டாட்டிக்குத்தான் வருகிறது. அளவு சரியில்லை என்று போன் போட்டு ஒரு மணி நேரம் திட்ட வேண்டாமா?