பஞ்சுவின் கழுத்தில் சொட்டியது

1
இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது கொஞ்சம்கூட இல்லை என்றுதான் ஆரம்பித்தேன். திருச்சி மன்னார்புரத்தில் ஒரு கால்நடை மருத்துவமனை. பூனையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, உள்ளே டாக்டர் ஒரு பெண்ணிடம் பேசியது காதில் விழுந்தது.

"பாதி நாய்ங்களுக்கு உண்ணி மருந்து, பாதிக்கு வெறும் எண்ணெய். உங்க நாய்க்கு எதுன்னு எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா சோதனையே செல்லாது."

அந்தப் பெண்ணின் பதில் கேட்கவில்லை. பூனை கத்திவிட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2
'காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று ஸ்ரீரங்கத்தில்...'

(வேண்டாம். திருச்சிக்காரர்கள் எழுதினால் காவிரி தானாக வந்துவிடுகிறது. உண்ணிக்கும் காவிரிக்கும் என்ன சம்பந்தம்?)

ஹம்ஸா ஸ்ரீரங்கத்துக்காரி. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வீட்டில் அவளும் பஞ்சு என்கிற நாயும் மட்டும். டாக்டர் லின்சி பஞ்சுவின் பின்கழுத்து முடியை விலக்கிச் சோதனைச் சொட்டை விட்டார். "ரெண்டு நாளைக்குக் குளிப்பாட்டாதீங்க."

மறுநாள் ஹம்ஸாவின் அப்பாவுக்குத் திவசம். விடிவதற்குள் பஞ்சுவுக்கு ஷாம்பூ போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொல்லையில் கட்டினாள்.

(படித்த பெண் இப்படிச் செய்வாளா என்று சந்தேகம் வந்தது. என் சித்தியை நினைத்துக்கொண்டேன். செய்வாள்.)

3
அடுத்த வாரம் லின்சி பஞ்சுவைச் சீப்பால் வாரினார். வெள்ளைத் தாளில் உண்ணிகள் உதிர்ந்தன.*

"குளிப்பாட்டினீங்களா?"

"இல்லையே, டாக்டர்."

லின்சி உடனே பஞ்சுவைச் சோதனையிலிருந்து நீக்கி, நிச்சயமான மருந்தையே போட்டார். அதற்குள் உண்ணிக் காய்ச்சல் முற்றியிருந்தது. ஈறெல்லாம் வெளுத்து, பஞ்சு செத்துப்போனது.

* எத்தனை என்று எழுதி, அடித்துவிட்டேன். உண்ணி எண்ணும் கதையை யார் படிப்பார்கள்?

(ஒரு பிரதியில் பஞ்சு பிழைத்தது. ஆனால் நாய் பிழைத்துவிட்டால் ஹம்ஸா உண்மையைச் சொல்லப்போவதில்லை. அதனால் மறுபடி கொன்றேன். எனக்கு அது வருத்தம்தான்.)

4
"எங்காத்துல அன்னிக்கு அப்பா திவசம். நாய் வாடையோட, மந்திரம் சொல்ல வர்ற வாத்தியாரை எப்படி உள்ள அழைக்கறதுன்னு குளிப்பாட்டிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். டாக்டர், நான்தான் கொன்னுட்டேனா?"

"எண்ணெயா இருந்தா, நீங்க கழுவினதுல ஒண்ணுமே போகலைங்க."

"மருந்தா இருந்தா?"



5
பஞ்சுவுக்கு விட்டது எண்ணெய் என்று எழுதிப் பார்த்தேன். அன்று ஹம்ஸா நிம்மதியாகச் சோறு சாப்பிட்டாள், லின்சியால் சாப்பிட முடியவில்லை. வெறும் எண்ணெயைச் சொட்டிவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தவர் அவர்தானே. மருந்து என்று எழுதினால், அடுத்த வருஷம் ஹம்ஸா அப்பாவின் திவசத்தை எந்த மனதோடு செய்வாள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் இறக்கிவைக்க எனக்கு ஒரு தலை

(இந்த வாக்கியம் இவ்வளவுதான்.)

சோதனை முடிந்து, எந்த நாய்க்கு எது என்ற விவரம் சென்னையிலிருந்து வந்துவிட்டது. லின்சி போன் செய்கிறார்.

"தெரிஞ்சிடுச்சுங்க. சொல்லட்டுங்களா?"

ஹம்ஸா போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். சொல்லுங்கோ என்பாளா, வேண்டாம் என்பாளா? அந்த ஒரு வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அவளாக இருந்தால் எதைச் சொல்வீர்களோ, அதைச் சொல்லுங்கள். லின்சி இன்னும் போனை வைக்கவில்லை.