பதினான்காம் தேதி சரக்கு

இரண்டாயிரத்து ஏழில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செல்போன் சார்ஜர் செய்யும் அந்தக் கம்பெனியில், அறுபது பேர் ஒரே வருஷத்தில் எழுநூறு பேர் ஆனார்கள். திங்கட்கிழமைதோறும் கம்பெனி பஸ்ஸில் புது முகங்கள். ஆள் வந்த வேகத்துக்குக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு வரவில்லை. டெஸ்டிங்கில் புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரும் அங்கே பழைய ஆளான வசந்தகுமாரின் பாஸ்வேர்டைத்தான் போட்டார்கள். அவனே சொல்லிக்கொடுத்தது.

டீ இடைவேளையில், கூட வேலை செய்யும் ஆதிகேசவன் அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப்போனான்.

“பேஜாராயிடிச்சி வசந்து. யார் ஊட்லயோ நம்ம சார்ஜர் எரிஞ்சி கட்டில் பத்திக்கிச்சாம். ஒரு பொம்பளைக்குக் கை வெந்துபோச்சாம். போன மாசம் பதினாலாந்தேதி சரக்கு. உன் பேர்ல பாஸ் ஆயிருக்கு.”

பதினான்காம் தேதி வசந்தகுமார் மணவாள நகர்ச் சுடுகாட்டில் நின்றான். மனைவி ஈஸ்வரிக்குக் கொள்ளி வைத்த நாள்.

“லீவுன்னு சொல்லிடுறேன்.”

“எப்பிடிச் சொல்லுவே? நீ வராத மூணு நாளும் உன் கார்டை நான் பஞ்ச் பண்ணிக்கினு இருந்தேன். சம்பளம் புடிச்சிடுவானுங்கன்னு. ரெக்கார்டுபடி நீ டியூட்டி பாத்துக்கினே கொள்ளி வெச்சவன் மாமே.” சொல்லிவிட்டு ஆதிகேசவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்தவன் வருகைக் கார்டைத் தொட்டால் அன்றைக்கே வேலை போய்விடும்.

படியில் நாஜியா காத்திருந்தாள். பழவேற்காட்டுப் பெண், சேர்ந்து ஐந்து வாரம்.

“அண்ணா, அந்த மூணு நாளும் உங்க பாஸ்வேர்டுல நான்தான் மெஷின்ல இருந்தேன். அரை மணி நேரம் சூடு டெஸ்ட் வெக்கணும். லாரி நிக்குது, பத்து நிமிஷத்துல எடுன்னு துளசிராமன் சார் சொன்னாரு.” அவள் துப்பட்டா நுனியைத் திருகினாள். “போலீஸ் வருமாண்ணா?”

அவன் மேலே ஏறிப்போனான்.

மேனேஜர் துளசிராமனின் அறையில், சார்ஜர் வாங்கும் கம்பெனியின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கருகிய சார்ஜர். துளசிராமன் கசங்கிய கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“வாங்க வசந்தகுமார். அரை மணி நேரம் முழுசா வெச்சீங்கதானே?”

கேட்டது வாய், கெஞ்சியது கண். ஆமாம் என்றால் போதும். ஒரு சார்ஜர் கெட்டது என்று எழுதி முடித்துவிடுவார்கள். எல்லாரும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று நாளில் போன மீதிப் பதினெட்டாயிரம் சார்ஜரும் எங்கெங்கோ வீடுகளில், தூங்குகிறவர்களின் தலைமாட்டில் இருக்கும்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். தீயில் கை எப்படி இருக்கும் என்று அவன் சுடுகாட்டில் பார்த்திருந்தான்.

“பத்து நிமிஷம்தான் சார். மூணு நாளும். அத்தனை சரக்கையும் திருப்பி எடுங்க.”

துளசிராமன் கைக்குட்டையைக் கீழே விட்டார். வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்களே செஞ்சீங்களா?”

கதவுக் கண்ணாடிக்கு வெளியே நாஜியாவின் துப்பட்டா தெரிந்தது.

“என் பேர்தானே சார் இருக்குது.”

வந்தவர் பேனாவின் மூடியைத் திறந்தார். வசந்தகுமார் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான்.