இடப்பக்கம் போனால் அவுட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாளை மாலை ஐந்து மணிக்குள் அது திருப்பதியில் இருக்கும் பேஸ்பால் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று நாளாகக் கடிதம் ஒரு வரி நகரவில்லை, கதை மட்டும் கடகடவென்று வருகிறது. பயம் வந்தால் எனக்குக் கற்பனை கூடிவிடும்.

என் பெயர் வேணு. ஆந்திரத்து நகரியில் இருக்கும் பெண்கள் பேஸ்பால் அணியின் செயலாளர். சொந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தால் அம்பயரும் நான்தான்.

2

தொடக்கம் ஒன்று: "நகரி மலை மேல் மேகங்கள் திரண்டு நின்றபோது, தரணி தன் மட்டையை..."

வேண்டாம். அன்றைக்கு மேகமே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

தொடக்கம் இரண்டு: "எங்கள் ஸ்டேடியம்..."

இதுவும் கொஞ்சம் அதிகம்தான். விசைத்தறித் தெருவுக்குப் பின்னால் ஒரு பொட்டல். ஒரு பக்கம் மூன்று வரிசை சிமெண்ட் படி, யாரோ கட்ட ஆரம்பித்துக் கைவிட்ட கல்யாண மண்டபத்தின் மிச்சம். இடப்பக்கம் ரத்தினம்மாவின் பாவு. தறிக்குப் போகிற நீள நூலுக்குக் கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டி, வெயிலில் காய வைப்பார். பந்து விழுந்தால் இழை அறுந்துவிடும். அதனால் எங்களுக்கென்று ஒரு தனிச் சட்டம்: பந்து இடப்பக்கம் உயரப் போனால், அடித்தவள் அவுட். வெளியூர் அணிகளும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.

(பேஸ்பால் தெரியாதவர்களுக்கு: நான்கு மூலையில் நான்கு தளம். பந்தை அடித்துவிட்டு நான்கையும் தொட்டு வந்தால் ஒரு ரன். பந்து வேலியைத் தாண்டினால் ரன் உறுதி, ஆனாலும் சுற்றி வந்தே ஆக வேண்டும். கதைக்கு இது போதும்.)

3

திருப்பதியில் இறுதி ஆட்டம். நாலுக்கு நாலு. எங்கள் கடைசி வாய்ப்பு. தரணிக்கு இருபத்திரண்டு வயது, விசைத்தறி ஓட்டுகிறவள். அவள் அடித்தாள் பாருங்கள், பந்து இடப்பக்க வேலியைத் தாண்டி, வெளியே நின்ற ஷேர் ஆட்டோவின் கூரையில் விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதித்தோம்.

தரணி முதல் தளத்தைத் தொட்டாள். நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு நேராக எங்களிடம் நடந்து வந்தாள்.

"ஓடு தரணி, ஓடு!" என்று கத்தினோம். அதற்குள் அம்பயர் கையை உயர்த்திவிட்டார். ஓட்டத்தைக் கைவிட்டவள் அவுட். ஆட்டம் கூடுதல் சுற்றுக்குப் போனது, அதில் தோற்றோம்.

அந்த அம்பயர் சடகோபனை முதலில் வில்லனாக்கியிருந்தேன். மீசைகூட வைத்துவிட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். சட்டப்படி அவர் செய்தது சரி. ஆட்டம் முடிந்ததும் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

"பந்து லெஃப்ட்ல போறத பாத்தேன் ண்ணா," என்றாள் தரணி, திரும்பி வரும் பஸ்ஸில். "காலு தானா நின்னுடுச்சி."

மாநில முகாமுக்கு ஆள் எடுத்தவர்கள் அவள் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிய காரணம்: "பாதியில் விட்டுவிடுகிறவள்." எட்டு வருடத்தில் ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு மட்டம் போடாதவள் அவள். நியாயமான விளக்கம் வந்தால் பெயரைத் திரும்பச் சேர்ப்போம் என்றார்கள். அந்த விளக்கம்தான் அந்தக் கடிதம்.

4

"ஊர்ப் பெரியவர்கள் கூடி அந்தச் சட்டத்தைப் போட்டார்கள்" என்று முதலில் எழுதினேன். பொய். போட்டது நான். ஒரு நாள் பந்து அறுத்த இழைகளை ரத்தினம்மா சாயங்காலம் வரை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைப் பார்த்த மறுநாள் போட்டேன். பிறகு மைதானத்தைச் சங்கத்தில் பதியும்போது, எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்று கையெழுத்தும் போட்டேன்.

நடந்ததை எழுதினால் தரணி மேல் உள்ள பழி போகும். ஆனால் மைதானத்தின் பதிவும் போய்விடும். எல்லா ஆட்டமும் திருப்பதியில் என்றால், ஷிப்டு பார்க்கும் பெண்கள் எத்தனை நாள் லீவு போடுவார்கள்? அணி கலைந்துவிடும். என் செயலாளர் பதவியும்... (இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.)

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

கடிதம் போகிறது. தரணி முகாமுக்குப் போகிறாள். மற்ற பதிமூன்று பேரும் வேலைக்குப் போகும் வழியில் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கடிதம் போகவில்லை. தரணி என்னை ஒன்றுமே கேட்பதில்லை. அதுதான் தாங்காது.

மூன்றாவது எல்லோருக்கும் பிடிக்கும்: ரத்தினம்மா பெரிய மனசு பண்ணி, பாவை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறார். அவரிடமே படித்துக் காட்டினேன்.

"எங்கப்பா மாத்தறது? ஒன் கதையில எடம் கீதா? இருந்தா சொல்லு, அங்க போட்டுக்கறேன்," என்றார்.

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

6

இன்று மத்தியானம் தரணி வந்து கடிதம் எங்கே என்றாள். வேறு வழியில்லாமல் இந்தத் தாள்களை நீட்டினேன். பள்ளியில் தெலுங்கு படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நான்காவது பகுதியை இரண்டு தரம் படித்தாள்.

"நம்ம கிரவுண்டு பூடுமா? இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்னுடுவ."

"அத நான் இல்ல சொல்லணும்?"

அவள் உட்கார்ந்து இதில் இருப்பதையெல்லாம் தெலுங்கில் சுருக்கி எழுதினாள். சங்கத் தலைவருக்குத் தமிழ் வராது. என் மழுப்பல்களை மட்டும் விட்டுவிட்டாள். எழுதி முடித்துக் கீழே கையெழுத்துக்கு வரிசையாகக் கோடு போட்டாள். எண்ணிப் பார்த்தேன், பதினைந்து.

"மொதல்ல நீ போடு," என்றாள். "அப்பறம் அவங்கோ. படிச்சிட்டு இஷ்டம் இருந்தா போடட்டும். ஒருத்தி வேணாம்னாலும் கிழிச்சிடுவேன். என்னுது கடைசி."

போட்டேன். அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது, கற்பனை செய்யவும் மாட்டேன். இந்நேரம் சிமெண்ட் படியில் தாள் கைமாறிக்கொண்டிருக்கும். அந்தப் பதிமூன்று பேரில் ஒருத்தியாக நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை காலை ஆறு மணிக்கு உங்களுக்குத் தறி ஷிப்டு. வாரத்தில் உங்களுக்கென்று இருப்பது இந்த மைதானம் ஒன்றுதான். தரணி உங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேனாவை நீட்டுகிறாள்.

வாங்கிக்கொள்ளுங்கள்.