பூந்தொட்டி குடித்த சூப்

ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை. காலை முதல் நசநசவெனத் தூறல், வெயில் தலைகாட்டவேயில்லை.

எங்கள் சூப் பொடித் தொழிற்சாலையின் சுவைக்கூடத்தில், நான் அரும்பாடுபட்டு உருவாக்கிய கேரட் சூப் குற்றவாளியாக நின்றது. திங்களன்று அதைச் சுவைத்த ஐவருக்கும் நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. மாலைக்குள் எல்லா மூட்டைகளையும் அழித்துவிட வேண்டும் என்பது மேலாளர் அம்மையாரின் ஆணை. சூப் போனால் என் வேலையும் போகும்.

"மாப்பிள்ளை, என் குடலையே உருவிட்டீங்களே!" என்று கழிப்பறை வாசலிலிருந்து முழங்கினார் மூக்கர். அவர் என் மனைவியின் அண்ணன். சுவைப்போர் குழுவின் தலைவர். மோப்பத்தின் கூர்மையால் அப்பெயர் பெற்றவர்.

"மச்சான், நீங்கதானே பத்துக்குப் பத்து போட்டீங்க?"

"நாக்கைக் கேட்டுப் போட்டேன். வயித்தைக் கேட்டா போட்டேன்?"

மனம் நொந்து சன்னலருகே சென்றேன். மூக்கரின் இருக்கையை ஒட்டியிருந்த பூந்தொட்டியில் கேரட் துண்டுகள் விதைக்காமலேயே விளைந்திருந்தன. அவ்வேளையில் அவர் கூரை அதிரத் தும்மினார். சளி பிடித்தவர் சுவைக்க அமரக்கூடாது என்பது எங்கள் கூடத்தின் விதி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மச்சான், இந்தத் தொட்டிக்கும் வயித்துப்போக்கு உண்டா?"

அவர் முகம் வெளிறியது. "மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை! தலைவர் பதவி போயிடும்."

"அப்போ உங்க தங்கச்சிகிட்ட சொல்லிக்கிறேன்."

"ஐயோ! அதுக்கு மேடம்கிட்டயே சொல்லிடலாம்!"

மேலாளரின் அறையில் தொழிற்சாலை மருத்துவரும் இருந்தார். மூக்கர் தலைகுனிந்து உண்மையைக் கக்கினார்: திங்களன்றே மூக்கடைப்பு, சுவை தெரியாதென்று கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார், சூப்பில் ஒரு சொட்டுகூட அவர் வாயில் படவில்லை.

"குடிக்காதவருக்கும் போகுதா?" என்றார் அம்மையார்.

மருத்துவர் சிரித்துவிட்டார். "அஞ்சு பேருக்குமே காய்ச்சல், இருமல் இருக்கு மேடம். பார்த்தா ஃப்ளூதான். அது நெஞ்சோட நிக்கணும்னு இல்லை, சில பேருக்கு வயித்துலயும் கைவரிசை காட்டும். இவர் ஒட்டி உட்கார்ந்து தும்மியே எல்லாருக்கும் பந்தி வெச்சிருக்கார். எதுக்கும் சூப்பை ஆய்வகத்துக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் அழிக்காதீங்க."

ஐவரும் விடுப்பில் அனுப்பப்பட்டனர். மறுவாரம் ஆய்வக முடிவு வந்தது. சூப்பில் ஒரு குற்றமும் இல்லை. அம்மையார் மூக்கரைச் சுவைக்கூடத்துக்கு அழைத்து, அவர் கையில் முழுக் கிண்ணம் ஒன்றைத் தந்தார்.

"இப்போ நிஜமாவே மார்க் போடுங்க."

தொட்டி அறைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. மூக்கர் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"ஏழுதான் மாப்பிள்ளை. உப்பு கம்மி."

அப்போது மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.